நட்சத்திரங்கள் சுழன்றால் யாருக்குச் சொந்தம்?

வாசகர் கேள்வி: பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன். போன மாதம் பிள்ளைகளை வான் கோ இம்மர்சிவ் (ஓவியம் ஆளைச் சூழ்ந்துகொள்ளும்) கண்காட்சிக்கு அழைத்துப்போனேன். உள்ளே அசல் ஓவியம் ஒன்றுகூட இல்லை. சுவர், தரை எங்கும் புரொஜெக்டர் ஒளிதான். ஆனாலும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கே எடுத்த 48 விநாடி வீடியோவை, நான் கட்டணம் வாங்கி நடத்தும் வார இறுதி ஓவிய வகுப்புக்கு விளம்பரமாகப் போட்டேன். அன்றைக்கே அதன் இசை ஊமையாகிவிட்டது. பத்து நாள் கழித்து, "காப்புரிமை எங்களுடையது, வீடியோவை நீக்கவும்" என்று கண்காட்சிக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வான் கோ இறந்து 130 ஆண்டுக்கு மேல் ஆகிறதே, நான் யாருடைய உரிமையை மீறினேன்? ஆண்டு விழாவில் மூன்று புரொஜெக்டர் வைத்து நாங்களே இப்படி ஒன்று செய்வதாக இருக்கிறோம். பையன்கள் டாலியின் உருகும் கடிகாரமும் வேண்டும் என்கிறார்கள், ஒரு பெண் ஃப்ரீடா காலோ கேட்கிறாள். அதிலும் வம்பு வருமா? அசலே இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளை எதற்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞரின் பதில்:

வணக்கம் டீச்சர்.

முதலில் சுருக்கமாக இரண்டு பதில்கள். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். ஆண்டு விழாவில் வான் கோவைத் தாராளமாகக் காட்டுங்கள். அதே ஓவியம்தானே, அங்கே கூடாது இங்கே கூடுமா என்று உங்களுக்குத் தோன்றும். அதே ஓவியம் இல்லை. அதைத்தான் விளக்கப்போகிறேன்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி. ஆறாவது விநாடியில் 'நட்சத்திர இரவு' சுவரில் விரிகிறது. 1889 ஜூன் மாதம், சேன் ரெமி ஊரின் மனநலக் காப்பகத்தில் தங்கியிருந்தபோது வான் கோ வரைந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி இறந்துபோனார். அந்தக் கித்தானில் அவர் தீட்டிய ஒரு கோட்டுக்குக்கூட இன்று பதிப்புரிமை கொண்டாட ஆள் கிடையாது. ஆனால் உங்கள் வீடியோவில் நட்சத்திரங்கள் சுழல்கின்றன. நடுவிலிருக்கும் பெரிய சுழி மெதுவாக, ஓரத்து நட்சத்திரங்கள் கொஞ்சம் வேகமாக. வான் கோ அவற்றைச் சுழல்வதுபோல் வரைந்தார், சுழற்றவில்லை. சுழற்றியது ஒரு அனிமேட்டர். எந்தத் தீற்றலைத் தனியாகப் பிரிப்பது, பிரித்த இடத்தில் பின்னால் என்ன நிறத்தை நிரப்புவது, எந்த வேகத்தில் ஓடவிடுவது என்று உட்கார்ந்து முடிவெடுத்தவர் அவர்.

பதினெட்டாவது விநாடியில் பாதாம் பூக்கள். தம்பி தியோவுக்கு 1890 ஜனவரி 31 அன்று ஆண் குழந்தை பிறந்தது, பெரியப்பாவின் பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தைக்காக வரைந்த படம் அது. நீல வானம், கிளைகள், பூக்கள், அவ்வளவுதான். அசலில் ஒரு இதழ்கூட உதிராது. உங்கள் வீடியோவிலோ இதழ்கள் மேலிருந்து கொட்டுகின்றன, தரையில் பரவுகின்றன, உங்கள் மாணவி ஒருத்தி குனிந்து அவற்றை அள்ளப் பார்க்கிறாள். வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சட்டப்படி ஆக வம்பான இடமும் அதுதான், ஏனென்றால் அந்த இதழ்களில் வான் கோவின் பங்கு மிகக் குறைவு.

அப்புறம் ஒரு தன்னுருவப்படம் கரைந்து கோதுமை வயலாகிறது. எதற்குப் பின் எது வர வேண்டும் என்ற அந்த வரிசையும் ஒருவருடைய யோசனைதான். நாற்பத்தொன்றாவது விநாடியில் ஒரு படம் அசையாமல் நிற்கிறது. அந்த நான்கு விநாடி மட்டும்தான் கலப்பில்லாத வான் கோ.

பழைய படைப்பு ஒன்றின் மேல் புதிதாக ஏதாவது படைத்தால், புதிதாகச் சேர்த்த பகுதிக்கு மட்டும் சேர்த்தவருக்கு உரிமை வரும். அடியில் இருக்கும் பழையது எப்போதும்போல் எல்லோருக்கும் பொது. கண்காட்சிக்காரர்கள் வான் கோவை வாங்கிவிடவில்லை, வாங்கவும் முடியாது. அவர்களுக்குச் சொந்தமானது அசைவு, வரிசை, இசையோடு சேர்த்த விதம், அந்த அறைக்கென்று அமைத்த வடிவம். உங்கள் 48 விநாடியில் 44 விநாடி அவர்கள் சேர்த்ததுதான் என்பதால் மின்னஞ்சலில் நியாயம் இருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தம். அவர்கள் 'காப்புரிமை' என்று எழுதியிருக்கிறார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. எங்கள் தொழிலில் காப்புரிமை என்றால் கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது. எழுத்து, ஓவியம், இசைக்கு இருப்பது பதிப்புரிமை. ஒன்றை விண்ணப்பித்து வாங்க வேண்டும், மற்றது படைத்த உடனே தானாக வந்துவிடும். இதைச் சொல்லக் காரணம் வெறும் பண்டிதத்தனம் இல்லை. காப்புரிமைக் கதை ஒன்று கடைசியில் வருகிறது.

இசை ஏன் முதல் நாளே ஊமையானது? அதில் வருவது எரிக் சாட்டி 1888-இல் எழுதிய பியானோ இசை. சாட்டி 1925-இல் இறந்துவிட்டார், அவர் எழுதிய சுரங்கள் பொதுச்சொத்து. ஆனால் நம் காதில் விழுவது சுரங்கள் இல்லை, யாரோ ஒருவர் அண்மையில் வாசித்துப் பதிவுசெய்த ஒலி. பதிவுக்குத் தனி உரிமை உண்டு. தளங்களில் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் மனிதர்களைவிட வேகமானது. ஓவியத்தைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. ஆண்டு விழாவுக்கு உங்கள் பள்ளியிலேயே பியானோவோ கீபோர்டோ வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் அதே இசையை அவளை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். அந்தப் பதிவு உங்களுடையது. எந்த மென்பொருளாவது தவறாகப் பிடித்தால் ஆட்சேபம் எழுதலாம், நியாயம் உங்கள் பக்கம்.

சரி, அந்த அசையாத நான்கு விநாடியை மட்டும் வெட்டிப் போட்டால்? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள் என்று தெரியும். பதிப்புரிமைப்படி அவர்களால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. அதற்காக எல்லாம் முடிந்துவிடவில்லை. நுழைவுச்சீட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையும் வாசலில் ஒட்டியிருப்பதையும் ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறீர்கள். அது ஒப்பந்தம். "சொந்த நினைவுக்காகப் படம் எடுக்கலாம், வணிகப் பயன்பாடு கூடாது" என்று இருந்தால் அந்த ஓவியம் ஆயிரம் வருடப் பழையதாக இருந்தாலும் நிபந்தனை நிபந்தனைதான். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. மான்ஹைம் நகர அருங்காட்சியகம் ஒன்றில் படமெடுக்கத் தடை இருந்தது. அதை மீறிப் பொதுச்சொத்தான பழைய பொருள்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிய பார்வையாளர், பார்வையாளராக ஏற்ற ஒப்பந்தத்தை மீறினார் என்பது தீர்ப்பு. பொருளின் மேல் உரிமை இல்லாவிட்டாலும் கட்டடத்தின் மேல் உரிமை இருக்கிறதே! வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறோமே, அதுபோலத்தான்.

உங்கள் விஷயத்தைக் கெடுத்தது படமெடுத்தது இல்லை. வகுப்பின் கட்டண விவரத்தோடு அதைப் போட்டது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும் வீடியோவை நினைவுக்காகப் போட்டிருந்தால் பெரும்பாலான கண்காட்சிக்காரர்கள் கண்டுகொண்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு அது இலவச விளம்பரம். வியாபாரத்தோடு சேர்ந்ததும் கதை மாறிவிட்டது. இன்னொன்று, அந்த வீடியோவில் ஐந்தாறு பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. கண்காட்சிக்காரர் சும்மா இருந்தாலும், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் முகத்தை விளம்பரத்தில் வைக்காதீர்கள்.

பதில் மின்னஞ்சல் நீளமாக வேண்டாம். "வீடியோவை நீக்கிவிட்டோம். உரிமை மீறும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை" என்ற இரண்டு வரி போதும். வான் கோவே உங்கள் சொத்தா என்று வாதாட உட்காராதீர்கள். அவர்கள் இழப்பீடு எதுவும் கேட்கவில்லை, கேட்காதவர்களைக் கேட்கவைக்கக் கூடாது. ஒருவேளை அடுத்து, "வான் கோ ஓவியங்கள் எதையும் நீங்கள் பயன்படுத்தக் கூடாது" என்று எழுதினால் அப்போது சண்டை போடுங்கள். அது அவர்கள் சொல்லக்கூடிய விஷயமே இல்லை.

ஆண்டு விழாவுக்கு வருவோம். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.

இம்மர்சிவ் கண்காட்சிகளின் ஓவியர் பட்டியலை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? வான் கோ, மொனே, க்ளிம்ட், மறுபடியும் வான் கோ. 2018-இல் பாரிசில் பழைய வார்ப்படச் சாலை ஒன்றை அத்தெலியே தெ லூமியேர் என்ற ஒளிக்கூடமாக மாற்றியபோது க்ளிம்டோடு தொடங்கினார்கள். க்ளிம்ட் இறந்தது 1918, மொனே 1926. மூவரின் பதிப்புரிமையும் காலாவதி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கும் ஒத்துப்போகிறது. இதே காரணத்தால்தான் 2021-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர் கொண்ட வான் கோ கண்காட்சிகளை வெவ்வேறு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் நடத்தின. ஒன்றுக்குச் சீட்டு எடுக்கிறோம் என்று நினைத்து மற்றொன்றுக்கு எடுத்து ஏமாந்தார்கள் மக்கள். வாங்குமுன் யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள் என நியூயார்க்கில் நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் பெட்டர் பிசினஸ் பீரோ என்ற அமைப்பு எச்சரிக்கையே விட்டது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வான் கோ பெயரைச் சொல்லித் தடுக்க முடியவில்லை. ஓவியர் பொது, 'இம்மர்சிவ்' என்பது தன்மையைச் சொல்லும் சாதாரண வார்த்தை, அதையும் யாரும் பூட்டி வைக்க முடியாது. உங்களுக்கும் அதே சுதந்திரம் உண்டு. நீங்கள் போய்வந்த கண்காட்சியின் பெயரையும், அதை எழுதியிருக்கும் பாணியையும் மட்டும் காப்பியடிக்காதீர்கள். அது டிரேட்மார்க் சண்டையில் கொண்டுபோய் விடும். உங்கள் பிள்ளைகளையே ஒரு பெயர் யோசிக்கச் சொல்லுங்கள்.

எந்த ஓவியர் கூடும், எந்த ஓவியர் கூடாது என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: எப்போது இறந்தார்? பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி, இறந்த பிறகு குறைந்தது 50 ஆண்டு பாதுகாப்பு தர வேண்டும். அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 70, மெக்சிகோவில் 100. இறந்த தேதியிலிருந்து எண்ண வேண்டாம், இறந்த ஆண்டு முடிந்த மறுநாளிலிருந்து எண்ணுங்கள். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியிட்ட ஆண்டிலிருந்து 95 என்று வேறு கணக்கு. நீங்கள் காட்டப்போகும் நாட்டின் கணக்குதான் முக்கியம், ஓவியர் பிறந்த நாட்டுடையது இல்லை. இணையத்தில் ஏற்றினால் எல்லா நாட்டிலும் காட்டியதுபோல என்பதால், நான் எப்போதும் 70-ஐ வைத்தே எண்ணச் சொல்வேன்.

இப்போது உங்கள் பையன்களின் டாலி. 1989 ஜனவரியில் இறந்தார். 60 என்றால் 2049 முடியும் வரை, 70 என்றால் 2059 முடியும் வரை உரிமை ஓடுகிறது. உருகும் கடிகார ஓவியம் 1931-இல் வரைந்தது என்பதால் பழசுதானே என்று நினைக்கத் தோன்றும். வரைந்த ஆண்டை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாலிக்கு அறக்கட்டளை இருக்கிறது, அனுமதி அவர்களிடம் கேட்க வேண்டும். பிக்காசோவும் அப்படித்தான், 1973-இல் இறந்தவர். 70 கணக்கில் 2043 முடிய வேண்டும். வகுப்பறையில் பாடம் நடத்தும்போது டாலியைத் திரையில் காட்டுவதற்குப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன. ஊரைக் கூட்டி நடத்தும் விழாவை வகுப்பறை என்று சொல்ல முடியாது.

பையன்களின் முகம் வாடிவிடும் என்பதால் ஒரு வழி சொல்கிறேன். கடிகாரம் உருகலாம் என்ற எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. டாலி வரைந்த அந்தக் கடிகாரங்களுக்கு, அந்தக் கடற்கரைக்கு, அந்த அமைப்புக்குத்தான் உண்டு. உங்கள் பையன்கள் பள்ளி மணியை உருகவிடட்டும், கரும்பலகையைச் சுவரிலிருந்து வழியவிடட்டும், ஜியாமெட்ரி பாக்ஸ் மேசையின் விளிம்பில் தொங்கட்டும். அதை ஸ்கேன் செய்து சுவரில் காட்டுங்கள். யாரிடமும் கேட்க வேண்டாம். தலைப்பில் டாலி பெயரைப் போட்டு அவர் படம் என்று நம்பவைக்காமல் இருந்தால் சரி.

ஃப்ரீடா காலோ கொஞ்சம் சிக்கல். இறந்தது 1954. 60 ஆண்டு நாடுகளில் 2014-இலும், 70 ஆண்டு நாடுகளில் 2024-இலும் காலம் முடிந்தது. அவருடைய சொந்த நாடான மெக்சிகோவில் கணக்கு வேறு. ஓவியங்களின் காலம் முடிந்தாலும் 'ஃப்ரீடா காலோ' என்ற பெயர் பொருள்களுக்கான டிரேட்மார்க்காகப் பதிவாகியிருக்கிறது. டிரேட்மார்க்கைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், அது சாவதில்லை. ஆகவே காலம் முடிந்த நாட்டில் ஓவியத்தை மேடையில் காட்டலாம். வாசலில் கடை போட்டு அவர் பெயர் அச்சடித்த பை, கோப்பை விற்க வேண்டாம்.

ஓவியம் பொதுச்சொத்து, சரி. அதன் டிஜிட்டல் படத்தை எங்கிருந்து எடுப்பது? பலரும் வழுக்குவது இங்கேதான். என்னிடம் ஒருமுறை அச்சகக்காரர் ஒருவர் வந்தார். நாட்காட்டிக்குப் பன்னிரண்டு வான் கோ படங்கள் போட்டிருந்தார். பதினொன்று அசல், ஒன்று மட்டும் ஒரு கண்காட்சியின் விளம்பரத் தாளிலிருந்து ஸ்கேன் செய்தது. பளிச்சென்று இருந்ததால் அதையே அட்டையிலும் போட்டுவிட்டார். பளிச்சென்று இருந்ததற்குக் காரணம், அதில் வான் கோ வரையாத ஒரு நிலாவின் பிரதிபலிப்பை வடிவமைப்பாளர் சேர்த்திருந்தார். மூவாயிரம் நாட்காட்டி கட்டுக்கட்டாகக் கிடங்கில் தூங்கியது. அதே ஓவியத்தின் சுத்தமான படம் இலவசமாகக் கிடைத்திருக்கும், பத்து நிமிடம் தேடியிருந்தால்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் தன்னிடமுள்ள பொதுச்சொத்து ஓவியங்களின் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல், வியாபாரத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வான் கோவின் 'சைப்ரஸ் மரங்களோடு கோதுமை வயல்' அங்கே இருக்கிறது, ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படமும் இருக்கிறது. சிகாகோ கலை நிறுவனமும் திறந்துவிட்டது. வான் கோ தன் படுக்கையறையை மூன்று முறை வரைந்தாரே, அதில் ஒன்று அங்கே. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திலிருந்து ரெம்பிராண்டையும் வெர்மீரையும் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். மூன்று புரொஜெக்டருக்கு இதுவே ஏராளம்.

நிபந்தனை போடும் அருங்காட்சியகங்களும் உண்டு. தட்டையான ஓவியத்தை உள்ளது உள்ளபடி படமெடுத்தால் அதற்குப் புதிதாகப் பதிப்புரிமை வராது என்று 1999-இல் பிரிட்ஜ்மன் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அப்படியே நகலெடுப்பதில் உழைப்பு இருக்கலாம், படைப்பு இல்லை என்பது வாதம். ஐரோப்பிய ஒன்றியமும் 2019-இல் இதையே விதியாக்கியது. இத்தாலி மட்டும் வேறு பாதையில் போகிறது. தன் கலாசாரப் பாரம்பரியச் சட்டத்தைக் காட்டி, லியனார்டோ டாவின்சியின் வட்டத்துக்குள் கை விரித்து நிற்கும் மனிதனைப் புதிர் அட்டையில் போட்ட ஜெர்மன் நிறுவனம் ஒன்றை வெனிஸ் அருங்காட்சியகம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. லியனார்டோ இறந்தது 1519-இல்! வெனிஸ் நீதிமன்றம் 2022-இல் அருங்காட்சியகத்தின் பக்கம் நின்றது. இத்தாலியின் சட்டம் இத்தாலிக்கு வெளியே செல்லாது என்று 2024-இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நீதிமன்றம் சொன்னது. ஐந்நூறு வருடக் கிழவருக்கு இரண்டு நாட்டு வழக்கு. உங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. திறந்துவிட்ட இடத்திலிருந்து எடுங்கள், ஓவியர் பெயர், ஆண்டு, எந்த அருங்காட்சியகம் என்று ஒரு வரி போடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள், நீங்கள் ஓவிய ஆசிரியை.

அசைவு வேண்டும் என்றால் பிள்ளைகளே செய்யட்டும். படத்தைப் பிரித்து நகர்த்தும் இலவச மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. நீங்கள் பார்த்த கண்காட்சியைப்போலவே நட்சத்திரத்தைச் சுழற்றலாமா? சுழற்றலாம். சுழல்வதுபோல் வரைந்த ஒன்றைச் சுழற்றிப் பார்க்கலாம் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம். ஆனால் அவர்கள் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, அதே வரிசையில், அதே நேரத்தில், அதே இதழ்கள் அதே திசையில் விழும்படி செய்யாதீர்கள். பிள்ளைகள் செய்து முடித்தபின் அந்த அசைவுக்குப் பதிப்புரிமை அவர்களுடையது. அதைப் பதிவுசெய்து உங்கள் வார இறுதி வகுப்புக்கு விளம்பரமாகப் போட வேண்டுமென்றால் அவர்களையும் அவர்கள் பெற்றோரையும் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் சக ஆசிரியர். அவர் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். அசல் இல்லாததை அசல் இருப்பதுபோல் விளம்பரப்படுத்தும் கண்காட்சிகள் எரிச்சலூட்டும். ஆனால் ஓவியத்துக்குள் ஆளை நிறுத்தும் ஆசை புரொஜெக்டரோடு பிறந்ததில்லை. எடின்பரோவில் வாழ்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக ஓவியம் அமைக்கும் முறைக்கு 1787-இல் காப்புரிமை வாங்கினார். மேலே சொன்னேனே, கண்டுபிடிப்புக்கான அசல் காப்புரிமை. ஓவியத்துக்கு இல்லை, ஓவியத்துக்குள் ஆளை நிறுத்தும் உத்திக்கு! பதினான்கு வருடத்தில் அது காலாவதியானது, வட்ட ஓவிய மாளிகைகள் ஐரோப்பாவெங்கும் முளைத்தன. ஹேக் நகரில் 1881-இல் மெஸ்டாக் வரைந்த 14 மீட்டர் உயர ஓவியம் இன்னும் அதே கட்டடத்தில் இருக்கிறது. திறந்த வருடமே வான் கோ அதைப் போய்ப் பார்த்தார். மொனே தன் அல்லிக்குளத்தை இரண்டு நீள்வட்ட அறைகளுக்கென்றே வரைந்தார். அவர் இறந்து சில மாதத்தில், 1927-இல், பாரிசின் ஒரான்ஜெரியில் அவை திறக்கப்பட்டன. அங்கே நடுவில் உட்கார்ந்தால் சுற்றிலும் தண்ணீர்தான், ஒரு மின்கம்பிகூடத் தேவைப்படவில்லை.

ஒளிக்கூடம் காட்டாத விஷயம் ஒன்று உண்டு. வான் கோ குழம்புபோல் வண்ணத்தை அப்புவார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தீற்றல்களின் நிழல் தெரியும். பத்து மீட்டர் சுவரில் விழும் ஒளிக்குத் தடிமன் கிடையாது. அளவும் தொலைந்துபோகிறது. உங்கள் பிள்ளைகள் 'நட்சத்திர இரவு' ஒரு சுவரளவு பெரியது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதன் அசல் 73.7 செ.மீ. உயரம், 92.1 செ.மீ. அகலம். பாதாம் பூவும் கிட்டத்தட்ட அதே அளவு. டாலியின் கடிகார ஓவியம் இன்னும் வேடிக்கை, 24 செ.மீ.க்கு 33 செ.மீ., ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்ததுபோல.

அடுத்த முறை கூட்டிப்போகும்போது 74-க்கு 92 அளவில் ஒரு அட்டை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்கள் சுவரில் ஓடும்போது ஒரு பிள்ளையை அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கச் சொல்லுங்கள். நுழைவுச்சீட்டின் நிபந்தனையில் அட்டையைப் பற்றி எதுவும் இல்லை, படித்துப் பார்த்துவிட்டேன்.